கதவில் உறங்கும் காரீயம்

நமது வட்டாரத்தின் வரலாற்றில் 1923-ஆம் ஆண்டு சிறப்பிடம் பெற்ற ஆண்டாகும். விருதுபட்டி என்று வழங்கிவந்த வணிக ஊர், விருதுநகர் என்னும் பெயரைச் சூடிக்கொண்டது அவ்வாண்டில்தான். கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலுக்கு வித்திட்டதும் அவ்வாண்டையொட்டியே. அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள், ஜெனீவாவில் உருவான ஓர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவதில் வெள்ளை ஈயத்தைப் பயன்படுத்துவது பற்றிய உடன்படிக்கை அது.

முதல் இரண்டு செய்திகளையும் நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். மூன்றாவது செய்தி நம் ஊர்களை வந்தடையவே இல்லை. அது வந்தடையாமற் போனதன் விளைவு, இன்றும் நம் பழைய வீடுகளின் கதவுகளிலும் நிலைகளிலும் சன்னல் சட்டங்களிலும் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டனார் கட்டிய வீட்டைப் புதுப்பிக்க விரும்பும் பேரப்பிள்ளைகள் அந்த அடுக்குகளைச் சுரண்டத் தொடங்கியிருக்கும் இந்நாளில், அவற்றின் வரலாற்றை நாம் அறிந்திருப்பது நலம்.

தேக்கும் எனாமலும்

மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1870-களில் அமைந்தபின், பருத்தியும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் கைமாறும் பெருஞ்சந்தையாக விருதுநகர் வளர்ந்தது. வணிகத்தில் பொருளீட்டியோர் கட்டிய வீடுகளில் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஈடாக மரத்திற்கும் இடம் இருந்தது. நிலை, இரட்டைக் கதவு, தூண், உத்திரம், மச்சுப் பலகை என ஒவ்வொன்றிலும் தச்சரின் கைத்திறன் தெரியும். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. எனவே அந்நாட்டுத் தேக்கு தடையின்றிக் கப்பலேறித் தமிழகத் துறைமுகங்களுக்கு வந்தது.

அந்த மரத்திற்கு எண்ணெய் தடவிப் பேணுவதே பழைய வழக்கம். ஆளிவிதை எண்ணெயோ, கறையானை அண்டவிடாத முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசுவார்கள். செல்வர் வீடுகளில் அரக்கு மெருகு இடுவதுண்டு. பின்னர் எண்ணெய் வண்ணங்கள் வந்தன. கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் 1902-இல் ஷாலிமார் நிறுவனமும், பம்பாயில் 1942-இல் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் தோன்றின. விடுதலைக்குப் பின் எனாமல் வண்ணம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று. பொங்கலுக்குச் சுவர் வெள்ளையடிக்கப்படும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கோ பங்குத் திருவிழாவுக்கோ கதவும் சன்னலும் பெயிண்ட் பெறும். பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் பழுப்பு, அதற்கு மேல் மீண்டும் பச்சை என அடுக்குகள் ஏறின. வீட்டுச் சுரூபக் கூடும், ஆலயத்துப் பீடமும், திருவிழாச் சப்பரமும் அவ்வாறே ஆண்டுதோறும் புதுவண்ணம் பெற்றன. அது பக்தியின் வெளிப்பாடாகவும் இருந்தது.

இப்பொழுது காலம் மாறியிருக்கிறது. மரத்தின் இயல்பான நிறமும் வரியும் வெளியே தெரிவதே அழகு என்ற எண்ணம் பரவியுள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் மீண்டும் எழுப்பப்பட்டுள்ள பழைய வீடுகளையும், செட்டிநாட்டு மாளிகைகளையும் பார்த்துத் திரும்புவோருக்கு, தம் வீட்டுத் தேக்கின் மேல் படிந்த எனாமல் உறுத்தலாகத் தோன்றுகிறது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பழங்கதவுகளுக்கு நல்ல விலை கிடைப்பதும் ஒரு காரணம். ஆகவே உளியும் தகடும் உப்புத்தாளும் வேலை செய்யத் தொடங்கியுள்ளன. சுரண்டும்போது எழும் தூசியில் என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

வண்ணத்துள் புகுந்த உலோகம்

அத்தூசியில் காரீயம் இருக்கிறது. வெள்ளை ஈயம் எனப்படும் ஈயக் கார்பனேட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால், மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் உறுதியான பூச்சு கிடைக்கும். வெயிலுக்கும் மழைக்கும் எளிதில் வெடிக்காது. இதனால்தான் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் அதற்கு நிகரான வெள்ளை இல்லை என்று கருதினார்கள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களுக்கு ஈயக் குரோமேட்டு பயன்பட்டது. பூச்சு விரைவில் உலர்வதற்காகச் சேர்க்கும் பொருள்களிலும் காரீயம் இருந்தது. நம் நாட்டு எனாமல்களில் காரீயம் நுழைந்தது பெரும்பாலும் நிறப்பொருள்கள் வழியாகவும் இந்த உலர்த்திகள் வழியாகவுமே.

இதன் தீங்கை உலகம் அறியாதிருந்தது என்று சொல்வதற்கில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸீனி 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், அவர் என்ன தொழில் செய்கிறார் என்றும் கேட்கவேண்டும் என்பது அவருடைய அறிவுரை. ஓவியர்களின் மெலிவுக்கும் வெளிறிய முகத்துக்கும் அவர்கள் கையாளும் வண்ணப்பொருள்களே காரணம் என்று அவர் கண்டு சொன்னார். வண்ணம் பூசுவோருக்கு வரும் கடும் வயிற்றுவலியும், மணிக்கட்டு துவண்டு தொங்கிவிடும் முடக்கமும் பின்னர் வந்த மருத்துவ நூல்களில் தனிப்பெயர் பெற்றன.

பாரிசு நகரில் எட்மே ழான் லெக்ளேர் என்ற வண்ணப்பூச்சு ஒப்பந்தக்காரர் இருந்தார். தம் பணியாளர்கள் ஈயத்தால் நலிவதைக் கண்டு பொறாத அவர், 1840-களில் துத்தநாக வெள்ளையைக் கொண்டு வண்ணம் தயாரித்துப் பயன்படுத்தலானார். 1842-இல் தம் தொழிலின் இலாபத்தில் பணியாளருக்கும் பங்களித்தார். தொழிலாளரின் உடலைக் காப்பதும் அவருக்கு உரியதைக் கொடுப்பதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள் என்பதை, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிடுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே ஒரு பெயிண்ட் ஒப்பந்தக்காரர் தம் வாழ்வில் காட்டிவிட்டார்.

தாழ்வாரத்துப் பிள்ளைகள்

பூசுவோருக்கு வரும் நோய் என்று எண்ணப்பட்டது, அவ்வீட்டில் வாழும் குழந்தைக்கும் வரும் என்பதை முதலில் தெளிவாகக் கண்டது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். நம் நாட்டைப் போலவே வெயில் கொளுத்தும் பகுதி அது. வீடுகள் மரத்தாலானவை, முன்னே அகன்ற தாழ்வாரமும் வண்ணம் பூசிய கைப்பிடிச் சட்டங்களும் உண்டு. அந்நகர மருத்துவமனைக்குக் கை கால் தளர்ந்தும் பார்வை மங்கியும் குழந்தைகள் வந்தார்கள். காரீய நச்சு என்பது தெரிந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. லாக்கார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904-இல் அதற்கு விடை கண்டார். வெயிலில் காய்ந்த பூச்சு மாவுபோல உதிர்கிறது. சட்டத்தைப் பிடித்து விளையாடும் குழந்தையின் கையில் அது ஒட்டிக்கொள்கிறது. நகம் கடிக்கும்போதும் விரல் சூப்பும்போதும் வயிற்றுக்குள் போகிறது. இதுவே அவர் கண்ட உண்மை. அவரை நம்பப் பலர் தயங்கினார்கள். குயின்ஸ்லாந்து அரசு காரீய வண்ணத்திற்குக் கட்டுப்பாடு விதிக்க 1922 வரை ஆயிற்று.

திண்ணையிலும் தாழ்வாரத்திலும் வளரும் நம் குழந்தைகளுக்கு இந்தக் காட்சி அயலானது அன்று. பூச்சு அசையாமல் இருக்கும்வரை அதன் தீங்கு உறங்கிக் கிடக்கிறது. உதிரும்போதும் உரசும்போதும் சுரண்டும்போதும் அது விழித்துக்கொள்கிறது. வயிற்றுக்குள் செல்லும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு இது மேலும் கூடும். சுண்ணாம்புச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பிலும் பல்லிலும் அது பல ஆண்டுகள் தங்கும். தாய் கருவுறும்போது அவ்வெலும்பிலிருந்து கரைந்து கருவிலுள்ள சிசுவையும் அடையும். பெரும்பாலான குழந்தைகளிடம் வெளியே எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கற்கும் ஆற்றல் சற்றுக் குறையும், கவனம் சிதறும். பிள்ளை மந்தமானவன் என்று பள்ளியும் வீடும் சொல்லிவிட்டுப் போய்விடும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு காரீயத்திற்கு இல்லை என்பதே இன்றைய மருத்துவ அறிவு.

ஜெனீவாவில் எழுதியது

1921-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு ஜெனீவாவில் கூடி, வெள்ளை ஈயம் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. சில விலக்குகள் நீங்கலாக, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதை அது தடுத்தது. ஈய வண்ணம் பூசும் தொழிலில் 18 வயதுக்குட்பட்டோரையும் பெண்களையும் அமர்த்தக்கூடாது என்றது. நம் பொருளுக்கு மிக நெருக்கமான விதி ஒன்றும் அதில் உண்டு: பழைய பூச்சை ஈரமின்றித் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியின் ஆபத்தைத் தடுக்க, இயன்றவரை ஏற்பாடுகள் செய்யவேண்டும் என்பது அது. பணியாளர் கைகால் கழுவ வசதியும், பணியின்போது அணியத் தனி மேலுடையும் வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

இங்கிலாந்து 1926-இல் தன் நாட்டு வண்ணப் பணியாளரைக் காப்பதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. அந்நாட்டு ஆட்சியின்கீழ் இருந்த இந்தியாவில் அத்தகைய சட்டம் எழவில்லை. உடன்படிக்கையை ஏற்று உறுதியளித்த நாடுகளின் வரிசையிலும் இந்தியா இடம்பெறவில்லை. இலண்டனில் பெயிண்டரின் நுரையீரலுக்குக் கிடைத்த காவல் விருதுநகர்ப் பெயிண்டரின் நுரையீரலுக்குக் கிடைக்கவில்லை. இதில் ஒரு முரண் உண்டு. காரீயத்திற்கு மாற்றாக வந்த டைட்டானியம் வெள்ளைக்கு மூலப்பொருளான இல்மனைட்டு, நமக்குத் தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கொட்டிக் கிடந்தது. நஞ்சில்லா வெள்ளையின் மூலம் நம் கடற்கரையில் இருந்தது. நஞ்சுள்ள வண்ணம் நம் கதவுகளில் ஏறியது.

சட்டம் உரிய காலத்தில் வந்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கும் நம் வட்டாரமே சான்று. முற்காலத்துத் தீக்குச்சிகளில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. அதைக் கையாண்ட தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிப்போகும் கொடிய நோய் ஐரோப்பாவை உலுக்கியது. 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1891-இல் இரட்சணிய சேனையினர் தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரசைக் கொண்டு தீப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றை அந்நகரில் தொடங்கி, வேறு வழி உண்டு என்று காட்டினார்கள். 1906-இல் பெர்ன் நகரில் பன்னாட்டு உடன்பாடு ஏற்பட்டது. 1913-இல் இந்தியாவிலும் வெண் பாஸ்பரஸ் தீப்பெட்டிகளுக்குத் தடைச்சட்டம் வந்தது. சிவகாசியில் தொழில் பிறந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து. விபத்தும் வறுமையும் குழந்தை உழைப்பும் பின்னாளில் அத்தொழிலை வாட்டியது உண்மை. ஆயினும் அந்தத் தாடை நோய்க்கு இடமளிக்கும் பொருள், சிவகாசித் தொழில் பிறக்கும் முன்பே சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. ஒரு நஞ்சுக்குக் கதவடைத்த அதே ஆட்சி, மற்றொரு நஞ்சை அக்கதவிலேயே பூச விட்டுவிட்டது.

நம்மோடு வாழ்ந்த உலோகம்

காரீயம் சிவகாசி வட்டாரத்திற்குப் புதியதும் அன்று. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் சீட்டுகளுக்காக வளர்ந்த அச்சுத்தொழிலில், ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்போர் பல காலம் உழைத்தனர். அந்த எழுத்துகள் காரீயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. நாம் கையில் ஏந்திய செபப் புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களும் எத்தனையோ விரல்கள் அந்த உலோகத்தைத் தொட்டதால் உருவானவை. பட்டாசிலும் காரீயம் நுழைந்தது; வானத்தில் சடசடவெனப் பொரியும் சில மணிகளுக்குச் சிவப்பு ஈய ஆக்சைடு பயன்பட்டது. 2017 ஜூலை 31 அன்று உச்சநீதிமன்றம், பட்டாசுத் தயாரிப்பில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றோடு காரீயத்தையும் தடைசெய்தது.

வீட்டு வண்ணத்திற்கும் ஏறத்தாழ அதே காலத்தில் வரம்பு வந்தது. டில்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் என்னும் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, எனாமல் வண்ணங்களில் காரீயம் மிகுந்திருப்பதையும், அவற்றுள்ளும் மஞ்சளில் அது மிகக் கூடியிருப்பதையும், நீரில் கலக்கும் எமல்ஷன் வகைகளில் மிகக் குறைந்திருப்பதையும் எடுத்துக்காட்டியது. 2016 நவம்பரில் மைய அரசு விதிகளை அறிவித்தது. 2017 நவம்பர் முதல், வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரிய வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்கைத் தாண்டலாகாது. அதாவது ஒரு கிலோ வண்ணத்தில் 90 மில்லிகிராமே எல்லை. ஜெனீவா உடன்படிக்கைக்கும் இவ்விதிகளுக்கும் இடையே 95 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆனால் இவ்விதி புதிய டப்பாவுக்குத்தான். பழைய கதவை அது தொடுவதில்லை. உலர்ந்த பூச்சின் எடையில் பாதி காரீயமாகவே அமையும் அளவுக்குப் பழைய வெள்ளை ஈய வண்ணங்கள் இருந்தன. அத்தகைய பூச்சில் ஒரு கிராம் உதிர்ந்தால் அரை கிராம் காரீயம். புதிய விதிப்படி ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட வண்ணத்தில் இருக்கக்கூடிய காரீயம், நகத்தால் பெயர்த்தெடுக்கும் அந்தச் சிறு செதிலில் அடங்கிவிடும். எல்லாப் பூச்சும் இவ்வளவு கொடியதன்று. ஆயினும் கண்ணால் பார்த்து எவராலும் வேறுபாடு காண இயலாது. எனவே 2017-க்கு முற்பட்ட எனாமல் எதுவாயினும் அதில் காரீயம் உண்டு என்று கொண்டே அதை அணுகவேண்டும்.

லேவியர் நூலின் வீடு

வீட்டைச் சுரண்டுவது பற்றி விவிலியம் பேசுகிறது என்றால் வியப்பாக இருக்கும். லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தில், சுவரில் கறை படர்ந்த வீட்டைக் குறித்த நெடிய முறைமை ஒன்று உள்ளது. குரு பார்வையிட வருமுன் வீட்டை வெறுமையாக்கவேண்டும். கறை பரவியிருந்தால், அக்கற்களைப் பெயர்த்து, உட்சுவர் முழுவதையும் சுரண்டவேண்டும். சுரண்டிய மண்ணை நகருக்கு வெளியே அதற்கென உள்ள தூய்மையற்ற இடத்தில் கொட்டவேண்டும். அவ்வீட்டில் உண்டவரும் உறங்கியவரும் தம் உடைகளைத் துவைக்கவேண்டும்.

இம்முறைமை சடங்கு முறையான தூய்மையைப் பற்றியது, காரீயத்தைப் பற்றியதன்று. அதை மருத்துவ நூலாகப் படிப்பது முறையாகாது. ஆயினும் அதில் ஓர் ஆழ்ந்த உணர்வு இருக்கிறது. வீட்டின் கேடு சுரண்டப்பட்டவுடன் மறைந்துவிடுவதில்லை. அது இடம் மாறுகிறது. அது எங்கே போகிறது, யார் மேல் படிகிறது என்பதற்கு வீட்டுக்காரர் பொறுப்பாளி. இவ்வுணர்வையே நம் காலத்து மொழியில் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் காண்கிறோம். சுற்றுச்சூழல் கேட்டின் சுமை முதலில் ஏழைகளின் தோளிலேயே விழுகிறது என்று அவர் நினைவூட்டினார்.

பழைய வண்ணத்தைச் சுரண்டும் வேலையில் அந்தத் தோள் யாருடையது? வீட்டு உரிமையாளர் சுரண்டுவதில்லை. நாட்கூலிக்கு வந்த பெயிண்டரும் அவருடைய கையாளும் சுரண்டுகிறார்கள். பெரும்பாலும் கையாள் இளைஞன். முகத்தில் ஒரு துண்டு கட்டியிருப்பான்; நுண்தூசியை அத்துண்டு தடுக்காது. அதே கையோடு தேநீர் அருந்துகிறான்; பீடி பற்றவைக்கிறான்; அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைத் தூக்குகிறான். நம் வீட்டுக் கதவிலிருந்த காரீயம் அவ்வாறு அவன் வீட்டுத் தொட்டில்வரை செல்கிறது. எஞ்சியதை நம் வீட்டுப் பணிப்பெண் துடைப்பத்தால் பெருக்கி வாசலில் தள்ளுகிறார். நாட்டின் தீபாவளிக்கு ஒளி கொடுக்கத் தன் உடலை ஈடுவைத்த வட்டாரம் இது. இங்கு ஓர் ஏழையின் உடல்மேல் இன்னொரு சுமையை நாம் ஏற்றலாகாது.

செய்யத்தக்கவை

செய்யவேண்டியவை அரியன அல்ல. முதலாவது, உதிராமல் உறுதியாக இருக்கும் பூச்சைச் சுரண்டாமலே விடுவது. அதன்மேல் காரீயமற்ற புதிய வண்ணம் பூசினாலே போதும், உறங்குவது உறங்கட்டும். கதவு மூடித் திறக்கும்போது நிலையோடு உரசும் இடங்களும், சன்னல் சட்டங்களும், குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் எட்டும் இடங்களுமே முதற்கவனத்துக்குரியவை.

சுரண்டியே தீரவேண்டுமானால், ஈரத்தோடு சுரண்டவேண்டும். நீரைத் தெளித்து நனைத்துத் தேய்த்தால் தூசி எழாது. 1921-இல் ஜெனீவாவில் அஞ்சிய தூசிக்கு இன்றும் முதல் மருந்து தண்ணீர்தான். நீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாள் இன்று வன்பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. சுழலும் இயந்திரத்தால் உலர்வாகத் தேய்ப்பது எல்லாவற்றினும் தீயது. ஊதுவிளக்கின் தீயால் வண்ணத்தைப் பொசுக்குவதும் ஆகாது. கடும் வெப்பத்தில் காரீயம் கண்ணுக்குத் தெரியாத புகையாகி நேரே நுரையீரலை அடையும். காஸ்டிக் சோடாக் கரைசல் தூசி எழுப்பாது. ஆனால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். தேக்கையும் கறுக்கச் செய்து, எந்த அழகுக்காகச் சுரண்டினோமோ அதையே அழித்துவிடும்.

வேலை முடியும்வரை கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அப்பகுதியில் இருக்கலாகாது. பாத்திரங்களையும் பாயையும் படுக்கையையும் முன்னரே அகற்றவேண்டும். தரையில் தார்ப்பாய் விரிக்கவேண்டும். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். பணியாளருக்கு நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமும், கைகழுவச் சோப்பும் நீரும், மாற்றுடையும், குளிக்க இடமும் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. அதற்காகும் செலவைக் கூலியோடு சேர்த்தே கணக்கிடவேண்டும். ஈரமாகச் சுரண்டினால் வேலை நாளும் கூடும். கூடும் நாளுக்குக் கூலி கொடுப்பதும் நீதியே.

சுரண்டியெடுத்ததைக் கெட்டியான பையில் கட்டி, தீங்கான கழிவு என்று சொல்லி நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ ஒப்படைக்கவேண்டும். கிணற்றடியிலும் தோட்டத்திலும் வாய்க்காலிலும் கொட்டலாகாது. நம் ஊர்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. பெயர்த்தெடுத்த பழைய சன்னலையும் பலகையையும் பிளந்து வெந்நீர் அடுப்பில் விறகாக எரிப்பார்கள். வண்ணம் பூசிய மரத்தை எரித்தால் காரீயம் புகையிலும் சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்கும் வீடுகளும் உண்டு. இவ்வழக்கத்தை அடியோடு விடவேண்டும்.

வீட்டுக்குச் சொன்னது ஆலயத்துக்கும் பொருந்தும். பழைய பீடங்களையும் மரச் சுரூபங்களையும் ஒப்புரவுப் பீடங்களையும் புதுப்பிக்க முன்வரும் பங்குப் பேரவைகள், எந்த வண்ணம் பூசுவது என்று ஆலோசிக்கும்போதே, இருக்கும் வண்ணத்தை எவ்வாறு எடுப்பது என்பதையும் ஆலோசிக்கட்டும். புதிய டப்பாவில் காரீய அளவு பற்றிய குறிப்பைப் படித்தே வாங்கட்டும். மறைக்கல்வி வகுப்பு நடக்கும் வேளையில் ஆலயத்துக்குள் உலர்ந்த தேய்ப்பு நடைபெறவேண்டாம்.

நம் முன்னோர் தம் கதவுகளுக்கு வண்ணம் பூசியது திருவிழாவின் மகிழ்ச்சியால். அவர்கள்மேல் குறையில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. மரத்தின் பழைய அழகை மீட்கும் ஆசை நல்ல ஆசையே. அந்த அழகுக்கான விலையைச் சுரண்ட வந்தவரும் அவர் பிள்ளையும் கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டுக்காரரான நம்முடையது. அடுத்த முறை பெயிண்டர் உளியோடு வந்து நிற்கும்போது, ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு முகக்கவசத்தையும் முதலில் அவர் கையில் கொடுப்போம்.